தட்டிப் பார்த்த ஓடு

அத்தியாயம் பதினொன்று

ஊரே கூடி ஒருத்தியைப் புகழப் போகிறது என்றால் அவளுக்குச் சந்தோஷம் வர வேண்டும். வடிவம்மாளுக்குச் சந்தேகம்தான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கொண்டுவந்து வைத்த காப்பியைக்கூட அவள் ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பாராட்டு விழாக் கமிட்டிக்குக் காரியதரிசி யார் தெரியுமா? மந்திரமூர்த்தி. அவளுடைய கொழுந்தன் மகன். ஓட்டுக் கம்பெனி குடும்பச் சொத்து, பெரியம்மா ஒருத்தி ஆளுவது நியாயமில்லை என்று கோர்ட்டுக்குப் போய், மூன்று வருஷம் திருநெல்வேலிக்கும் தென்காசிக்குமாக அலைந்து, தோற்று வந்தவன். தோற்றவனை அவள் துரத்தவில்லை. கம்பெனியிலேயே வைத்துக்கொண்டாள். சரக்கு ஏற்றி அனுப்புவது அவன் பொறுப்பு. அவன் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் கம்பெனி வாசலை ஒரு மாட்டு வண்டி தாண்டாது. அப்படிப்பட்டவன் திடீரென்று ஊர் ஊராகப் போய், எங்கள் பெரியம்மாவுக்கு விழா எடுக்க வேண்டும் என்று ஆள் சேர்த்தால், யாருக்குத்தான் சந்தேகம் வராது?

இந்தக் கதையை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு வடிவம்மாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

புருஷன் சங்கரநாராயணன் கண்ணை மூடியபோது அவளுக்கு வயது முப்பத்து நான்கு. சிற்றாற்றங்கரையில் ஒரே ஒரு சூளை, கையில் எட்டு வயதுப் பெண் குழந்தை. பொம்பளை முதலாளிக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்று ஆட்கள் பாதிப் பேர் போனார்கள். இருந்தவர்களை வைத்துக்கொண்டு அவள் சீமை ஓடு போட்டாள். இந்த 1938இல் மூன்று சூளை, இருநூறு ஆட்கள். ஒவ்வொரு ஓட்டின் முதுகிலும் 'வடிவம்மாள், தென்காசி' என்று அச்சு விழுந்திருக்கும். புளியறை தாண்டி மலையாளத்துக்கும் போகும், கிழக்கே பாவூர்சத்திரம், சுரண்டைக்கும் போகும்.

அவள் கம்பெனியில் இரண்டாம் தரம் என்று ஒன்று கிடையாது. ஓட்டை இடுப்புச் சாவியால் ஒரு தட்டுத் தட்டுவாள். கணீர் என்றால் வண்டிக்கு. மொத்தென்று கேட்டால் வேகவில்லை என்று அர்த்தம். அதை அங்கேயே சுத்தியலால் உடைத்துவிட வேண்டும். வேகாத ஓடு தண்ணீரைக் குடிக்கும். குடித்துக் குடித்துக் கனத்து, ஒருநாள் நொறுங்கி விழும்.

இது அவள் தொழில். இன்னொரு பக்கமும் உண்டு. ஜில்லா போர்டில் ஆறு வருஷமாக மெம்பர். மேலகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததும், சந்தைக்கு வரும் பெண்களுக்கென்று தனியாக ஒரு கொட்டகை எழுந்ததும் அவள் போட்ட சண்டையால்தான். அவள் போட்ட பெரிய சண்டை பிரசவ ஆஸ்பத்திரிக்கு.

அதற்கும் ஒரு கதை உண்டு. சூளை வேலைக்கு வந்த முப்பிடாதியம்மாள் என்கிற பெண்ணுக்கு இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் பேறுகாலம் சிக்கலாகி, பாளையங்கோட்டை டாக்டரம்மாவிடம் மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். கூடப் போனது வடிவம்மாள். ஆலங்குளம் தாண்டுவதற்குள் குழந்தை பிறந்தது, தாய் போய்விட்டாள். அந்தக் குழந்தைதான் முருகம்மாள். இன்று அதே சூளையில் ஓடு சுமக்கிறாள். இப்போது அவள் நிறைமாதம். மேலகரம் ரோட்டில் கட்டி முடித்திருக்கும் புது ஆஸ்பத்திரியில் முதல் கட்டில் அவளுக்குத்தான் என்று வடிவம்மாள் எப்போதோ சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரி திறப்பும் பாராட்டு விழாவும் ஒரே நாளில். சாயங்காலம் நாலு மணிக்கு. கலெக்டர் வருகிறார்.

போன வாரம் விட்ட இடத்துக்கு வருவோம். நாற்பது நாள் குளிர் காய்ச்சலில் படுத்துக் கிடந்த வடிவம்மாள் எழுந்து உட்கார்ந்தபோது அழைப்பிதழ் அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டிருந்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேதான் அவளுக்கு முதல் முள் குத்தியது.

இரண்டாவது முள், உபசாரப் பத்திரம். மேடையில் வாசித்துக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுக்கப் போகிற புகழுரையை அவள் முன்கூட்டியே பார்க்கக் கேட்டாள். சட்டம் போட்டாயிற்று, காகிதம் சுற்றியாயிற்று, இனிப் பிரிக்கக் கூடாது என்று மந்திரமூர்த்தி சொல்லிவிட்டான். நாலு பக்கப் புகழ்ச்சிக்கு நடுவே 'தன் பொறுப்புகளை இளையவர்களிடம் ஒப்படைத்து ஓய்வு பெறும் இந்த நன்னாளில்' என்று ஒரு வரியைச் செருகி வைத்திருந்தால்? கலெக்டர் முன்னால், ஆயிரம் பேர் கைதட்டும்போது, இல்லை என்று எழுந்து சொல்ல முடியுமா?

காப்பி டம்ளரைக் கீழே வைக்கும்போது மந்திரமூர்த்தியே வந்து நின்றான். புது ஜிப்பா. முகத்தில் மட்டும் புதுசாக ஒன்றும் இல்லை. தனியாக ஒரு விஷயம் பேச வேண்டும் என்றான். எதுவானாலும் உலகம்மை இருக்கும்போதே பேசு என்றாள் வடிவம்மாள்.

உலகம்மைதான் அந்த எட்டு வயதுக் குழந்தை. இப்போது முப்பது. புருஷன் கொழும்பில் வேலை. அம்மா படுத்திருந்த நாற்பது நாளும் மூன்று சூளையையும் கட்டி ஆண்டது அவள்தான்.

மந்திரமூர்த்தி உலகம்மையைப் பார்த்தான். உலகம்மை வெளியே கொட்டிக்கொண்டிருந்த சாரலைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா, விழாவ ஒரு மாசம் தள்ளி வச்சா என்னன்னு கேக்கேன். சாரல் இப்படி விழுது. பந்தல் நனைஞ்சு போவும், வார சனம் நனையும்."

"சாரல் சீசன்ல சாரல் விழாம வேற என்ன விழும்? அழைப்பு அடிக்கும்போது இது ஒனக்குத் தெரியாதாலே?"

அவன் போனபிறகு வடிவம்மாள் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழா வேண்டும் என்று ஓடியவனும் இவன்தான். வேண்டாம் என்று வந்து நிற்பவனும் இவன்தான். கடைசி நேரத்தில் நிறுத்தி, பெரியம்மாவுக்கு விழா எடுக்க ஆள் சேரவில்லை என்று ஊர் சிரிக்க வேண்டும், அதுதான் கணக்கு என்று அவளுக்குப் பட்டது. அப்படிப் பட்டதும் உடம்பில் காய்ச்சல் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. குதிரை வண்டியைக் கட்டச் சொன்னாள்.

கலெக்டர் முகாம் குற்றாலத்தில். உலகம்மை தானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். மேலகரம் வழியாகத்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வடிவம்மாள் வண்டியை நிறுத்தச் சொல்லாமல் கூரையை மட்டும் பார்த்தாள். புது ஓடு நனைந்தால் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். இது கறுத்துக் கிடந்தது.

"கூரை ஏன்ட்டி இப்படிக் கறுத்திருக்கு?"

மழை மூட்டத்தில் அப்படித் தெரிகிறது, காய்ச்சலில் கண்ணும் மங்கியிருக்கும் என்றாள் உலகம்மை. இருக்கலாம். நாற்பது நாள் கிடந்த உடம்பு. வடிவம்மாள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

குற்றாலத்தில் அருவிச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. குளித்துவிட்டு ஈரத் துணியோடு வருகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டி முகாம் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தது. முகாம் குமாஸ்தா மங்குஸ்தான் பழத்தைப் பிளந்துகொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் கையைத் துடைத்தபடி எழுந்தார். அவர் முகத்தில் ஆச்சரியம்.

நீங்கள் எழுந்து நடமாடுவதே பெரிய விஷயம் என்றல்லவா கேள்விப்பட்டேன் என்றார் அவர். யார் சொன்னது என்று அவள் கேட்டாள். விடிந்ததும் விடியாததுமாக மந்திரமூர்த்தி வந்திருக்கிறான். பெரியம்மாவுக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது, மேடையில் உட்கார முடியாது, துரை வேறு தேதி கொடுத்தால் நல்லது என்று மன்றாடியிருக்கிறான். கலெக்டர் இந்த சீசனோடு மாற்றலாகிப் போகிறவர், வேறு தேதிக்கு வழியில்லை என்று குமாஸ்தா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

என்னிடம் மழை, இங்கே காய்ச்சல். ஒரே காரியத்துக்கு ஒருவன் இடத்துக்கு ஒரு காரணம் சொன்னால் உண்மையான காரணம் மூன்றாவது ஒன்றாக இருக்கும் என்பது வடிவம்மாள் போர்டு மீட்டிங்குகளில் கற்ற பாடம். தனக்கு ஒரு கேடும் இல்லை, நாலு மணிக்குச் சரியாக விழா நடக்கும் என்று குமாஸ்தாவிடம் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தாள்.

திரும்பும்போது உலகம்மை மெல்ல ஒரு கேள்வி கேட்டாள். அண்ணன் சொல்கிறபடி தள்ளிவைத்தால்தான் என்ன? உனக்கும் உடம்பு தேறுமே?

நீயுமா என்பது போல வடிவம்மாள் திரும்பிப் பார்த்தாள். மகளுடைய கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. தன்னைப் பார்த்துப் பார்த்து இளைத்த உடம்பு என்று நினைத்துக்கொண்டாள். சந்தேகம் முழுவதையும் அவள் ஒருவன் தலையில் கட்டிவைத்துவிட்டாள். இன்னொருவர் பக்கம் திரும்ப அதில் மிச்சம் இல்லை.

நாலு மணிக்குப் பந்தலில் இடமில்லை. சுரண்டையிலிருந்தும் பாவூர்சத்திரத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சூளை ஆட்கள் ஒரு பக்கம், தறிக்காரர்கள் ஒரு பக்கம், பெண்களுக்கென்று நடுவில் பெரிய இடம். ஆஸ்பத்திரிக்குள் ஜன்னலோரக் கட்டிலில், பூ வைத்து, புதுச் சேலை கட்டி, முருகம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். கலெக்டர் வந்தார். மாலை விழுந்தது. நாதஸ்வரம் முழங்கியது.

முதல் நிகழ்ச்சி, கடைசி ஓடு.

வடிவம்மாளின் ஓட்டில் கூரை போடுகிற யாரும் கூரை விளிம்பில், இறவாரத்தில், ஒரே ஒரு ஓட்டுக்கு இடம் விட்டு வைப்பார்கள். அந்த ஓட்டை அவள் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும், மேலே இருக்கிற கொத்தனார் வாங்கிச் செருகுவார். கைம்பெண் கையால் கூரை ஏறுவதா என்று ஒரு காலத்தில் முணுமுணுத்த ஊர்தான் இது. அவள் கை படாத கூரை நிற்காது என்று அதே ஊர் சொல்ல ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது.

தாம்பாளத்தில் மஞ்சள் தடவிய ஓடு வந்தது. வடிவம்மாள் அதை எடுத்தாள். வழக்கம் போல இடுப்புச் சாவியை உருவினாள். இது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். முன் வரிசையில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

தட்டினாள். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்தது. கணீரென்று ஒலிக்கிற ஓடு விரலில் சின்னதாக ஒரு அதிர்வைத் தரும். இது களிமண் கட்டி போலச் செத்துக் கிடந்தது.

மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். மந்திரமூர்த்தி அவசரமாக மேளக்காரர்களிடம் போய், வாசி, வாசி என்று சைகை செய்தான். அதை அவள் பார்த்துவிட்டாள். வடிவம்மாள் போட்ட ஒரு அதட்டலில் நாதஸ்வரம் பாதியில் நின்றது.

மறுபடி தட்டினாள். மொத்.

சுவரோரம் மிச்ச ஓடு ஒரு வரிசை அடுக்கியிருந்தது. கலெக்டர் எழுந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அங்கே போய் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டினாள். ஒன்றுகூட ஒலிக்கவில்லை. பக்கத்தில் சூளை மேஸ்திரி சேக் தாவூது தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இருபத்திரண்டு வருஷம் அவளோடு நின்ற மனிதர்.

"தாவூது, இது எந்தச் சூளை?"

"ஆனி மாசத்துச் சூளை, ஆச்சி."

"எத்தன நாளு எரிஞ்சுது?"

மூன்று நாள் எரிய வேண்டும். நாலு நாள் வாசலை அடைத்து ஆற விட வேண்டும். சாரல் காலமென்றால் அதற்கு முன் கொட்டகையில் காய்வதற்கே இருபது நாள். இதெல்லாம் தாவூதுக்குத் தெரியாதது இல்லை.

"ஒண்ணரை நாளு," என்றார் அவர்.

யார் சொல்லி என்று கேட்டதற்கு அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்று வடிவம்மாள் நினைத்தாள். அவளுக்குத்தான் தெரியுமே. நேராக மந்திரமூர்த்தியிடம் போனாள். கேஸில் தோற்றவன் இப்படியா பழி தீர்ப்பது, அதுவும் பிள்ளை பெறுகிறவள் தலைக்கு மேலேயா என்று கேட்க வாயெடுத்தாள்.

உலகம்மை அவள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, அண்ணனப் பாக்காத. நான்தான் சொன்னேன்."

வடிவம்மாளுக்குப் புரியவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டாள்.

"தீய அணைக்கச் சொன்னது நான்தான். ரெண்டு நாள்ல வாசலத் தொறக்கச் சொன்னதும் நான்தான். தாவூது மாமா மாட்டேன்னுதான் சொன்னாவ. நான் ஒன் மேல ஆணை வச்சேன்."

"எதுக்குட்டி?"

"நீ கண்ணத் தொறக்கவே இல்லம்மா. டாக்டர் வந்து, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்புங்கன்னுட்டாரு. சீசன் முடிஞ்சா கலெக்டர் மாறிப் போயிருவாரு, கூரை முடிஞ்சாத்தான் விழான்னு கமிட்டில சொன்னாங்க. இருபத்திரண்டு வருசம் நீ நாயாப் பேயா அலைஞ்சது எனக்குத் தெரியும். ஒனக்குச் செய்யுத பெருமைய நீ உக்காந்து பாக்கணும். ஒன் படத்துக்கு முன்னால நின்னு அவங்க பேசக் கூடாதுன்னு நெனச்சேன். நல்லதாப் பாத்து நானே பொறுக்கித்தான்மா கூரைக்கு அனுப்புனேன்."

மகளை அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் அவள் செய்யவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் முருகம்மாள் தன் தோளைத் துடைத்துவிட்டு மேலே பார்ப்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு, அதே தோளில். முருகம்மாள் இவர்களைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். நல்ல நாளில் குறை சொல்லக் கூடாது என்று பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டிக்குள்ளும் இப்படித்தான் ஒழுகியது. அது வடிவம்மாளுக்கு நினைவு வந்ததோ இல்லையோ, எனக்கு வந்தது.

அவள் வெளியே வந்தாள். மஞ்சள் தடவிய ஓட்டைத் தாம்பாளத்திலிருந்து எடுத்தாள். கொத்தனார் மேலேயிருந்து கையை நீட்டினார். அவள் அதை வாசற்படிக் கல்லில் போட்டாள். நல்ல ஓடு உடைந்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். இது ரொட்டி போலப் பிட்டுக்கொண்டு விழுந்தது.

சுபகாரியத்தில் ஓடு உடைந்தால் பெண்கள் சும்மா இருப்பார்களா? பந்தல் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"இந்தக் கூரையில ஆறாயிரத்து ஐந்நூறு ஓடு இருக்கு. அம்புட்டும் வேகாத ஓடு. அதுல என் பேருதான் போட்டிருக்கு, அதனால தப்பும் என்னுதுதான். எல்லாத்தையும் எறக்கி ஒடச்சுட்டு வேற போட்டுத் தாரேன். அது வரைக்கும் ஒரு பொம்பள இதுக்குக் கீழ படுக்கக் கூடாது. எனக்குப் பாராட்டும் வேண்டாம்."

அவ்வளவுதான் பேசினாள். குமாஸ்தா கலெக்டர் காதில் சொன்னார். கலெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு, அவளைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். காகிதம் சுற்றிய உபசாரப் பத்திரம் மேடை மேலேயே கிடந்தது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள் சிலர். பாவூர்சத்திரத்துக்காரர் ஒருவர், போன வருஷம் எங்கள் வீட்டுக்குப் போட்ட ஓடும் இந்த லட்சணம்தானா என்று எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு கேள்வியை வடிவம்மாளிடம் யாரும் கேட்டதில்லை.

முருகம்மாளைக் கையைப் பிடித்து இறக்கித் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டாள். வலி எடுத்தால் எடுக்கட்டும், என் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம், புது ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை அங்கே வரச் சொல்கிறேன் என்றாள்.

வண்டியில் உலகம்மை அழுதுகொண்டே வந்தாள். என் பேரை ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் உன் பேராவது மிஞ்சியிருக்குமே என்று கேட்டாள். வடிவம்மாள் மகளைப் பார்க்காமல், மூக்கைச் சிந்து என்றாள்.

ஆறு மணி இருக்கும். இன்னும் வெளிச்சம் இருந்தது. சாரல் கொஞ்சம் வெறித்திருந்தது. பின்கட்டு அறையில் முருகம்மாளுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது மந்திரமூர்த்தி உபசாரப் பத்திரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். பந்தலில் கேட்பாரற்றுக் கிடந்தது, விட்டுவர மனசில்லை என்றான்.

வடிவம்மாள் அவனை உட்காரச் சொன்னாள். தானே போய்க் காப்பி கலந்து எடுத்துவந்து கொடுத்தாள். அவள் தன் கையால் அவனுக்குக் காப்பி கொடுத்து ஏழு வருஷம் இருக்கும். பிறகு காகிதத்தைக் கிழித்து, சட்டத்துக்குள் இருந்ததை ஒரு வரி விடாமல் வாசித்தாள். ஓய்வு இல்லை, ஒப்படைப்பு இல்லை. சூளை, குழாய்த் தண்ணீர், சந்தைக் கொட்டகை, ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. முப்பிடாதியம்மாளின் பெயர்கூட இருந்தது. வாசித்து முடித்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"காலைல தள்ளி வைப்போம்னு நீ சொன்னது இதுக்குத்தானாலே?"

"ஆமா பெரியம்மா. நேத்து தோரணம் கட்டப் போனப்பதான் பாத்தேன். கூரை ஊறிக் கெடந்துச்சு. தங்கச்சி முன்னால எப்படிச் சொல்ல?"

"நான் ஒன்னத் தப்பா நெனச்சுட்டேன். கோர்ட்டுல நின்னப்ப கூட இப்படி நெனச்சதில்ல. மனசுல வச்சுக்காத."

"அதனால என்ன பெரியம்மா," என்றான் அவன். மெதுவாகக் காப்பியை ஆற்றிக் குடித்தான்.

அவளுக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. ஒரு நாளில் ஊர் போனால் போகட்டும், ஒரு பிள்ளை திரும்பக் கிடைத்தானே என்று நினைத்தாள். அப்படி அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் சேக் தாவூது வாசலில் வந்து நின்றார். விடிந்ததும் கூரையைப் பிரிக்க எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்.

இருபது ஆள் என்று சொல்லிவிட்டு, போகத் திரும்பியவரை வடிவம்மாள் நிறுத்தினாள். ஒன்று உறுத்தியது. அந்தச் சூளைக்குள் எட்டாயிரம் ஓடு வைக்கலாம். கூரையில் ஆறாயிரத்து ஐந்நூறு. மிச்சம் எங்கே?

"அது ரொம்ப மோசம்மா, வெளுத்துப் போயிருந்துச்சு," என்றாள் உலகம்மை. "நல்லதப் பொறுக்கிட்டு, கழிச்சத அன்னைக்கே ஒடைக்கச் சொல்லிட்டேன்."

தாவூது தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றினார்.

"ஒடைக்கல, ஆச்சி. சுத்தியல எடுக்கையில வண்டி வந்துட்டு. அஞ்சு வண்டி. உலகம்மைக்குத் தெரிஞ்சுதான் போவுதுன்னு நெனச்சேன். புதுசாக் கட்டுத பள்ளிக்கூடத்துக்குன்னு சீட்டுல எழுதியிருந்துச்சு. சுரண்டைக்கு. ஒங்களக் கூப்பிடாமலே கூரை ஏத்தி முடிச்சாச்சாம், நாளைக்குப் பிள்ளைகள உக்கார வைக்காவளாம்."

"யாரு சீட்டு?"

கேட்டிருக்கவே வேண்டாம். அந்தக் கம்பெனியில் சீட்டுக்குக் கையெழுத்து ஒன்றுதான். தாவூது மந்திரமூர்த்தியைப் பார்த்தார். உலகம்மையும் பார்த்தாள்.

வடிவம்மாள் கடைசியாகத்தான் திரும்பினாள். விழாவைத் தள்ளி வைக்கச் சொன்னது கூரைக்காகவா, அவள் சாவியால் தட்டிவிடுவாள் என்பதற்காகவா? மேளத்தை நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னானே, அது யாருக்காக? கொஞ்சம் முன்னால் அவள் கேட்ட மன்னிப்பை, ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் எப்படி வாங்கிக்கொண்டான்?

ஓட்டின் மேல் சாரல் மறுபடி விழ ஆரம்பித்தது. அது தன் பேர் போட்ட பழைய ஓடு, நன்றாக வெந்த ஓடு. ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது.

"சாரல் சுரண்டை வரைக்கும் போவுமா தாவூது?" என்று கேட்டாள்.

மேற்கே மூட்டம் இப்படி இருந்தால் போகும் என்றார் அவர்.

அவள் எழுந்தாள். மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டாள். வண்டியை அவிழ்க்க வேண்டாம் என்று உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தாள். பிறகு கொழுந்தன் மகன் முன்னால் வந்து நின்றாள்.

"நீயும் வாலே. அந்தப் பிள்ளைக எத்தன மணிக்கு வந்து உக்காரும்னு ஒனக்குத்தான் தெரியும்."

மந்திரமூர்த்தி காலி டம்ளரைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.